யூஃபோனியம் மவுத்பீஸ்: ஒலியை ஒப்பிடும் முறை

யூஃபோனியம் என்ற பித்தளை ஊது வாத்தியத்தில் வெவ்வேறு மவுத்பீஸ்களை (வாய் வைத்து ஊதும் பகுதி) மாற்றி ஒப்பிடும்போது, முதலில் பார்க்கவேண்டியது ஷாங்க், அதாவது வாத்தியத்துக்குள் செருகும் தண்டு. சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு உண்டு. செருகியதும் ஆடினால் அது பொருந்தாத அளவு. அதில் கேட்கும் ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நுவரெலியாக் காலைக் குளிரில் வாத்தியம் சுருதி இறங்கியே நிற்கும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கியபின் டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்கும் நகரும் குழாய்) சரிசெய்யுங்கள். மவுத்பீஸையும் கையில் பொத்திச் சூடாக்குங்கள், இல்லாவிட்டால் முதலில் ஊதும் மவுத்பீஸுக்கு அநியாயம்.

போனை இரண்டு மீற்றர் தள்ளி, அசையாமல் வையுங்கள். பதிவுச் செயலியில் ஒலியளவு தானாக ஏறி இறங்கும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது மென்மைக்கும் உரத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தையே விழுங்கிவிடும். ஒவ்வொரு மவுத்பீஸிலும் ஒரே வரிசை: பி பிளாட் நீள் சுரம், மெல்லத் தொடங்கி உரத்து முடித்து, பிறகு ஸ்கேல், கடைசியில் மேல் சுரங்கள்.

அடுத்து கிண்ணம், அதாவது உதடு படியும் குழி. பாக் நிறுவனத்தின் 6½ஏஎல் மவுத்பீஸில் அது ஏறத்தாழ 25.4 மில்லிமீற்றர் அகலம். ஆழமான கிண்ணத்தில் ஒலி கருமையாகும், மேல் சுரங்களுக்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்படும். ஆழமற்றதில் பளிச்சென்று, சற்று டிராம்போன் சாயலில் வரும். விளிம்பின் அகலமும் மாறினால் எதனால் வித்தியாசம் என்று பிரிக்க முடியாது.

உதடு களைப்பது பெரிய ஏமாற்று. அதனால் முதல் மவுத்பீஸைக் கடைசியில் மறுபடி ஊதுங்கள். கேட்பவர் முதுகைத் திருப்பி உட்காரட்டும்; பளபளப்பான முலாம் காதையும் மயக்கும்.