மைக்ரோவேவ் தயார் உணவு: ட்ரே வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடும் தயார் உணவுக்குப் பேக்கேஜிங் வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் கடை அலமாரியை மனதில் வைத்தே வேலையைத் தொடங்குகிறார்கள். படம் எடுப்பாகத் தெரிகிறதா, அட்டைப்பெட்டிக்குள் எத்தனை அடுக்கலாம், லாரியில் நசுங்காமல் போய்ச் சேருமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் வாங்கியவர் அதை மைக்ரோவேவுக்குள் வைத்துக் கதவை மூடியதும் அந்த ட்ரே ஒரு சமையல் பாத்திரம் ஆகிவிடுகிறது. உணவில் எந்த இடம் கொதிக்கும், எந்த இடம் சில்லென்றே இருக்கும் என்பதை ட்ரேயின் வடிவமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இதை மறந்துவிட்டு வரைபடத்தை முடிப்பதால் வரும் தவறுகளே அதிகம்.

மூலை கருகும், நடு உறைந்திருக்கும்

வீட்டு மைக்ரோவேவ் அடுப்புகள் 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. அலைநீளம் சுமார் 12 செ.மீ. ஈரமும் உப்பும் உள்ள உணவுக்குள் ஒன்றிரண்டு செ.மீ. போவதற்குள் அந்த அலைகள் தங்கள் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதற்கும் உள்ளே இருக்கும் உணவு, வெளிப்பக்கத்து வெப்பம் மெல்லக் கடத்தப்பட்டு வந்தால்தான் சூடாகும். மைக்ரோவேவ் உள்ளிருந்து வெளியே சமைக்கிறது என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். அதை நம்பி ஆழமான கிண்ணம் போட்டால் ஓரம் கொதித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஐஸ் கட்டி இருக்கும்.

இதைவிட அதிகம் நடப்பது கூர்மூலைச் செவ்வக ட்ரே. அலமாரியில் இடம் வீணாகாது, அச்சும் எளிது என்பதால் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு பிரியம். ஆனால் மூலையில் இருக்கும் உணவுக்கு இரண்டு பக்கச் சுவர்கள் வழியாகவும், மேலிருந்தும் கீழிருந்தும் ஆற்றல் வந்து சேர்கிறது. நடுவில் இருப்பதற்கோ மேலும் கீழும் மட்டும்தான். உறைந்த உணவில் இந்த வித்தியாசம் இன்னும் மோசமாகும். பனிக்கட்டி மைக்ரோவேவை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும், தண்ணீரோ நன்றாக உறிஞ்சும். எனவே முதலில் உருகிய மூலைதான் அடுத்து வரும் ஆற்றலையும் பிடித்துக்கொள்கிறது. சூடான இடம் மேலும் சூடாகிக்கொண்டே போக, உறைந்த இடம் அப்படியே கிடக்கிறது. நேரத்தைக் கூட்டினால் மூலை கருகுமே தவிர, நடு அதே வேகத்தில் தேறாது.

மூலைகளை நன்றாக வளைத்துவிடுங்கள். முடிந்தால் நீள்வட்டத்துக்குப் போங்கள். உணவின் உயரம் 3 செ.மீ. அளவில் நின்றால் மேலிருந்தும் கீழிருந்தும் வரும் ஆற்றல் நடுவரை ஓரளவு எட்டும். ட்ரேயின் அடிப்பகுதியை நடுவில் கொஞ்சம் மேலே எழுப்பிவிடுவது இன்னொரு நல்ல வழி. அங்கே உணவின் தடிமன் குறையும், அடிப்பகுதிக்கும் விறைப்பு கிடைக்கும். மார்க்கெட்டிங் ஆட்கள் இதைப் பார்த்தால் 'உணவு அதிகமாக இருப்பதுபோல ஏமாற்றுகிறோம் என்று வாங்குபவர்கள் நினைப்பார்களே' என்பார்கள். எடையைத் தெளிவாகப் போட்டுவிட்டு, மேட்டைத் தாழ்வாக வைத்தால் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும்.

பல அறைகள் கொண்ட ட்ரேயில் வேறொரு சிக்கல். சோறு, சாஸ், காய்கறி மூன்றும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. ஒரு சின்ன அறையில் கைப்பிடி காய்கறியை வைத்தால், பெரிய அறை சூடாவதற்குள் அது வதங்கிச் சுருங்கிவிடும். உப்பு மிகுந்த சாஸ் மேற்பரப்பிலேயே ஆற்றலைப் பிடித்துக்கொண்டு தெறிக்கும், அதன் அடி ஆறியே இருக்கும். சூடாவதற்கு நேரம் எடுக்கும் அடர்த்தியான பொருளை வெளி ஓரத்தில் பரப்பி, சீக்கிரம் சூடாவதை உள்பக்கம் தள்ளுவது ஓரளவு உதவும். அறைகளின் அளவை எடைக்கணக்கில் மட்டும் பிரித்துவிட்டு, அப்புறம் சமையல்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பிளாஸ்டிக் பெயரை மட்டும் கேட்டு வாங்குவது

'பெட்' (PET, தண்ணீர் பாட்டில்கள் செய்யும் பிளாஸ்டிக்) என்று சப்ளையர் சொன்னால் எந்தப் பெட் என்று கேளுங்கள். கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும் ஏ-பெட் 70 டிகிரி செல்சியஸ் தாண்டியதுமே தளர ஆரம்பிக்கும், சாலட்டுக்குத்தான் அது சரி. படிகமாக்கப்பட்ட சி-பெட் உறைபெட்டிக் குளிரையும் தாங்கும், 200 டிகிரிக்கு மேல் சாதாரண ஓவன் சூட்டையும் தாங்கும். இரண்டின் அடியிலும் மறுசுழற்சிக் குறியீடு அதே 1 என்றுதான் இருக்கும். குறியீட்டைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சோதனைச் சமையலில் ட்ரே குழைந்து கிடப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

பாலிபுரொப்பிலீன் விலையிலும் எடையிலும் சாதகமானது. உருகுநிலை 160 டிகிரிக்குச் சற்று மேலே. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதானே, பிறகென்ன கவலை என்று தோன்றும். எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த சாஸ் சுவரோடு ஒட்டிய மெல்லிய படலமாக வற்றும்போது அந்த இடத்தில் வெப்பம் 100-ஐத் தாண்டிப் போகும். ட்ரேயின் உள்சுவரில் சாஸின் மட்டத்தை ஒட்டிச் சொரசொரப்பாகக் குழி விழுந்து, நிறமும் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதனால்தான். குளிரிலும் இதற்கு ஒரு பலவீனம் உண்டு: புரொப்பிலீன் மட்டுமே கொண்ட சாதாரண ஹோமோபாலிமர் வகை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ட்ரே கைதவறி விழுந்தால் விரிசல் விடும். உறைந்த உணவுக்கு, வேறொரு மூலப்பொருளும் சேர்த்துச் செய்த கோபாலிமர் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அறை வெப்பத்தில் கீழே போட்டுப் பார்த்துவிட்டு 'தேறியது' என்று எழுதினால் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தெர்மோஃபார்மிங்கில் தட்டையான தாளைச் சூடாக்கி அச்சுக்குள் இழுக்கிறோம். ஆழம் கூடக் கூட, அடி மூலைகளில் பிளாஸ்டிக் அதிகமாக இழுபட்டு மெலிந்துபோகும். ஆக, அடுப்புக்குள் அதிகம் சூடாகும் அதே மூலைதான் ட்ரேயிலேயே மிக மெல்லிய இடமும். தாளின் தடிமனைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தும் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. சராசரித் தடிமனைப் பார்க்காமல், ஒரு ட்ரேயை வெட்டி மூலையின் தடிமனை அளந்து பாருங்கள். சூடான ட்ரேயை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியும் பாருங்கள். விளிம்பு அகலமாக இல்லாமல், பக்கவாட்டில் விறைப்பு தரும் மேடான வரிகளும் இல்லாமல் இருந்தால் அது வளைந்து கொதிக்கும் சாஸ் கைமேல் கொட்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கார்பன் பிளாக் என்ற கரித்தூள் நிறமி போட்ட கறுப்பு ட்ரே உணவை அழகாகக் காட்டும். ஆனால் மறுசுழற்சி ஆலைகளில் பிளாஸ்டிக் வகையைப் பிரிக்கும் அகச்சிவப்புக் கருவிகள் கார்பன் பிளாக்கைப் பார்க்க முடியாமல் கழித்துவிடும். கருவி கண்டறியக்கூடிய கறுப்பு நிறமிகள் சந்தையில் இருக்கின்றன.

ஆவிக்கு வழி

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1.7 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். சாஸிலிருந்து பத்து கிராம் ஆவியானாலே 17 லிட்டர். மூடி ஃபிலிமில் வழி விடாமல் விட்டால் அது பலூன்போல உப்பி, சீல் எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்ளும். அந்த இடம் எது என்று நீங்கள் தீர்மானிக்காவிட்டால் ஆவியே தீர்மானித்துவிடும்.

'முள்கரண்டியால் குத்தவும்' என்று எழுதிவிட்டால் போதும் என்பது சோம்பேறித்தனமான தீர்வு. சிலர் குத்த மாட்டார்கள், சிலர் இருபது இடத்தில் குத்துவார்கள். இரண்டாவதும் தவறுதான். ஃபிலிமுக்கு அடியில் நிற்கும் ஆவி, சூடு குறைந்த இடங்களுக்கு வெப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எல்லாம் வெளியேறிவிட்டால் மேற்பரப்பு காய்ந்து, சூடும் சமமாகப் பரவாது. குறிப்பிட்ட அழுத்தத்தில் தானே திறக்கும் வால்வு, அல்லது சீலில் வேண்டுமென்றே பலவீனமாக விட்ட ஒரு பகுதி, இந்த இரண்டில் ஒன்று நல்லது. செலவு கொஞ்சம் கூடும்.

வால்வை எங்கே வைப்பது என்பதிலும் தவறுகிறார்கள். நேராகச் சாஸுக்கு மேலே, இடைவெளி குறைவான இடத்தில் வைத்தால் ஆவியோடு சாஸும் பீறிடும். ஃபிலிமை உரிக்கப் பிடிக்கும் காதுக்குப் பக்கத்தில் வைத்தால் உரிக்க வருபவரின் விரல் ஆவிக்கு நேராக இருக்கும். எதிர்ப்பக்க மூலையில் வையுங்கள், உணவுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இடமும் விடுங்கள். அந்த இடம் வேறொன்றுக்கும் தேவைப்படும். 'பாதி நேரத்தில் கிளறவும்' என்று எழுதிவிட்டு, விளிம்பு வரை உணவை நிரப்பினால் யாரால் கிளற முடியும்?

சீல் வலிமையைப் பெரும்பாலும் தொழிற்சாலையில் குளிர்ந்த நிலையில் சோதிக்கிறார்கள். வீட்டில் அதை உரிப்பதோ 90 டிகிரி சூட்டில். சீல் அடுக்கு சூட்டில் மிகவும் இளகினால் ட்ரேயைத் தூக்கும்போதே ஃபிலிம் விட்டுவிடும், விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டால் நார்நாராகக் கிழியும். இரண்டு நிலையிலும் உரித்துப் பார்க்க வேண்டும். நிரப்பும்போது விளிம்பில் தெறிக்கும் ஒரு துளி சாஸ் சீலைக் கெடுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் செலவைக் குறைக்கும்போது விளிம்பு அகலத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

உலோகம் என்றாலே ஆகாதா?

அப்படியும் இல்லை. வளைந்த மூலைகளுள்ள, மழமழப்பான, மேலே திறந்த அலுமினிய ட்ரேயை மைக்ரோவேவில் பயன்படுத்த முடியும். மேலிருந்து மட்டும் ஆற்றல் போகும் என்பதால் நேரம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆபத்து கசங்கிய விளிம்பிலும், இரண்டு உலோக முனைகள் நெருங்கும் இடத்திலும் இருக்கிறது. அங்கேதான் பொறி பறக்கும். ட்ரேயைச் சுற்றி வரும் அட்டை ஸ்லீவில் அழகுக்காக ஒட்டும் தங்கநிறப் ஃபாயில், உலோகத் துகள் கலந்த மை, ஸ்டேபிள் பின் இவையெல்லாம் பேக்கேஜிங் பிரிவுக்குத் தெரியாமல் டிசைனரிடமிருந்து வந்து சேர்ந்துவிடும். ஸ்லீவை எடுத்துவிட்டுத்தான் சூடாக்குவார்கள் என்று நம்பாதீர்கள்.

மொறுமொறுப்பு வேண்டிய உணவுக்கு சஸெப்டர் போடுகிறார்கள். மெல்லிய அலுமினியப் படலம் பூசிய பாலியெஸ்டரை அட்டையில் ஒட்டியது அது. மைக்ரோவேவில் 200 டிகிரிக்கு மேல் சூடாகி, தொட்டுக்கொண்டிருக்கும் மாவை வறுக்கும். தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். உணவுக்கும் அதற்கும் இடையே காற்று இருந்தால் மாவு வெந்து நமுத்துப் போகும், அட்டை பழுப்பேறி நாறும். ஈரமான உணவுக்கு அடியில் போட்டால் வரும் வெப்பமெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடும். அட்டையில் எண்ணெய் ஊறாமலிருக்க முன்பு பல இடங்களில் பி.எஃப்.ஏ.எஸ். (PFAS) என்ற, எளிதில் சிதையாத ஃபுளூரின் வேதிப்பொருள்கள் பூசினார்கள். அந்த வகை எண்ணெய்த் தடுப்புப் பொருள்கள் அமெரிக்கச் சந்தையில் உணவுப் பேக்கேஜிங்குக்கு இனி விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. பழைய ஸ்பெசிஃபிகேஷனையே நகலெடுத்து ஆர்டர் போடுபவர்கள் இதைச் சரிபார்க்க வேண்டும்.

பின்பக்கத்தில் எழுதுவது

2007-ல் அமெரிக்காவில் உறைந்த பாட் பை (இறைச்சிக் கலவையை மாவால் மூடிய உணவு) சாப்பிட்டவர்களிடையே சால்மனெல்லா என்ற கிருமி பரவி, 400 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அவற்றைத் தயாரித்த கோனாக்ரா நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்றது. நோயுற்றவர்களில் பலர் மைக்ரோவேவில்தான் சமைத்திருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் அடுப்பு எத்தனை வாட் என்பது தெரியாது. உறைகளில் இருந்த நேரக் கணக்கோ வாட்டைப் பொறுத்தது. பயன்படுத்துபவரிடம் இல்லாத தகவலை நம்பி எழுதிய செய்முறை அது.

'ஃபுல் பவரில் 5 நிமிடம்' என்பது 600 வாட் அடுப்பில் ஒன்று, 1,000 வாட் அடுப்பில் வேறொன்று. வாட் வாரியாக நேரம் கொடுங்கள், அதோடு கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அடையாளமும் கொடுங்கள்: நடுவில் ஆவி பறக்க வேண்டும், ஓரத்தில் மட்டும் பறந்தால் போதாது. ஒரு அடுப்பில் எடுத்த நேரத்தை வாட் விகிதத்தில் பெருக்கி அட்டவணையை நிரப்பிவிடாதீர்கள், ஒவ்வொன்றிலும் சூடாக்கி, மிகக் குளிர்ந்த இடத்தை வெப்பமானியால் தேடி அளக்க வேண்டும். பிரிட்டனில் 70 டிகிரியில் 2 நிமிடம், அமெரிக்காவில் 74 டிகிரி என்பது வழிகாட்டி அளவு. எடுத்தபின் ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருக்கச் சொல்வதைப் பலரும் பொருட்படுத்த மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஓரத்து வெப்பம் நடுவுக்குப் போகிறது என்று ஒரு வரியில் காரணத்தையும் போட்டால் கொஞ்சம் பேராவது கேட்பார்கள்.

செய்முறையை ஸ்லீவில் மட்டும் அச்சிடுவது இன்னொரு பிழை. பிரித்ததும் அது குப்பைக்கூடைக்குப் போய்விடும். அதன்பிறகுதான் 'கிளறி எத்தனை நிமிடம்?' என்ற கேள்வி வரும். முக்கியமான நேரங்களை ஃபிலிமிலேயே அச்சிடுங்கள்.

கடைசியாக, ஆய்வகத்தில் யாரும் செய்யாமல் வீட்டில் எல்லோரும் செய்யும் சில விஷயங்களையும் சோதனைப் பட்டியலில் சேருங்கள். சின்ன அடுப்பில் நீளமான ட்ரே சுவரில் இடித்து, சுழலும் தட்டு நின்றுவிடுகிறதா? குத்தாமல் வைத்தால் என்ன ஆகிறது? இரண்டு ட்ரேயை ஒரே நேரத்தில் வைத்தால்? அதே ஆற்றலை இரண்டும் பங்கிட்டுக்கொள்வதால் ஒன்றுக்கான நேரம் போதாது, வெறுமனே இரட்டிப்பாக்கினாலும் சரியாக வருமென்று சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்த நேரம் கையில் இல்லையென்றால் 'ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்' என்று ஃபிலிமில் போட்டுவிடுங்கள்.