கடை பில்லிங் ஆப்பை கூகுள் கிளவுட் ரன்ல ஏத்துறது எப்படி? (முதல் தடவை பண்றவங்களுக்கு)

மாமா கடைக்கு ஒரு பில்லிங் ஆப் எழுதிக் குடுத்திருந்தேன், பைத்தான் ஃப்ளாஸ்க், டேட்டா போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல. கடையில இருந்த பழைய கம்ப்யூட்டர்லயே ஓடிட்டிருந்துச்சு, கரண்ட் போனா பில் போடுறதும் நின்னுடும். சர்வர் வாடகைக்கு எடுத்து அப்டேட், செக்யூரிட்டின்னு நாமளே மாரடிக்கறதுக்கு, கன்டெய்னரை (ஆப்பும் அது ஓடத் தேவையானதும் ஒண்ணா கட்டுன பொட்டலம்) மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை கூகுள் தலையில கட்டிடலாம்னு கிளவுட் ரன்னுக்கு மாத்துனேன். யாருமே ஆப்பைத் தொறக்கலைன்னா இன்ஸ்டன்ஸ் (ஓடிட்டிருக்கற கன்டெய்னர் காப்பி) எண்ணிக்கை ஜீரோவுக்கு எறங்கிடும், அந்த நேரத்துக்கு கன்டெய்னருக்குக் காசு கெடையாது. நைட்டு பூட்டுற கடைக்கு இது ரொம்ப வசதி.

முதல்ல லேப்டாப்ல டாக்கர் இமேஜ், அதாவது கன்டெய்னரை ஸ்டார்ட் பண்றதுக்கான அச்சு, ரெடி பண்ணுங்க. டாக்கர்ஃபைல்ல பைத்தான் ஸ்லிம் இமேஜ எடுத்து, தேவையான பேக்கேஜ் எல்லாம் இன்ஸ்டால் பண்ணி, கோடை காப்பி பண்ணி, கடைசி வரியில குனிகார்ன (பைத்தான் ஆப்பை ஓட்டுற வெப் சர்வர்) ஸ்டார்ட் பண்ணுனா போதும். ஆனா போர்ட்ல கவனமா இருங்க. எந்தப் போர்ட்ல கேக்கணும்னு கிளவுட் ரன் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள்ல சொல்லும், வழக்கமா 8080, அதுவும் 0.0.0.0ல, அதாவது வெளியிலருந்து வர்றதையும் சேத்து, கேக்கணும். டாக்கர் இல்லாம சும்மா ஓட்டிப் பாக்கும்போது 127.0.0.1 (அதே மெஷினுக்குள்ள மட்டும்) ஜம்முனு வேலை செய்யும், மேல ஏத்துனதும் கன்டெய்னர் ஸ்டார்ட் ஆகலைன்னு எரர் வரும், பாதிப் பேர் இங்கதான் மாட்டுவாங்க. புது மேக் வச்சிருக்கீங்கன்னா பில்ட் பண்ணும்போது பிளாட்ஃபார்ம் லினக்ஸ் ஏஎம்டி64ன்னு குடுத்துடுங்க, இல்லன்னா ஆர்ம் இமேஜ் வந்துடும், அது அங்க ஓடாது.

அடுத்து கூகுள் கிளவுட்ல ப்ராஜெக்ட் போட்டு, பில்லிங் அக்கவுன்ட் சேத்து, ஆர்ட்டிஃபாக்ட் ரெஜிஸ்ட்ரில (இமேஜ் எல்லாம் வைக்கற இடம்) ஒரு ரெப்போ தொறந்து இமேஜை புஷ் பண்ணுங்க. ரீஜன் (சர்வர் இருக்கற இடம்) மும்பை, அதாவது ஏசியா சவுத்1. டேட்டாபேஸும் அதே ரீஜன்லயே இருக்கட்டும், ஒண்ணு இங்க ஒண்ணு அமெரிக்கான்னு வச்சா ஒவ்வொரு பில்லும் இழுத்துக்கிட்டு நிக்கும்.

இப்ப கிளவுட் ரன் பேஜ்ல புது சர்வீஸ் போட்டு அந்த இமேஜை செலக்ட் பண்ணுங்க. மெமரி 512 எம்பி, சிபியு ஒண்ணு, சின்ன கடைக்கு தாராளம். மேக்ஸிமம் இன்ஸ்டன்ஸ மட்டும் கண்டிப்பா கொறைச்சு வைங்க, நான் 3 வச்சிருக்கேன், ஏன்னா ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் டேட்டாபேஸுக்கு தனித்தனியா கனெக்‌ஷன் புடிக்கும், சின்ன டேட்டாபேஸ் அத்தனையும் தாங்காது. டேட்டாபேஸுக்கு கிளவுட் எஸ்க்யூஎல் (கூகுளோட டேட்டாபேஸ் சேவை) எடுத்து, சர்வீஸ் செட்டிங்ஸ்லயே கனெக்‌ஷன் சேத்து, சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு (ஆப் எந்தப் பேர்ல உள்ள நுழையுதோ அந்த அக்கவுன்ட்) கிளவுட் எஸ்க்யூஎல் கிளையன்ட்ங்கற ரோல் குடுங்க. பாஸ்வேர்டை கோட்லயோ இமேஜ்லயோ எழுதவே எழுதாதீங்க, சீக்ரெட் மேனேஜர்ல போட்டு அங்கருந்து எடுத்துக்கலாம்.

எல்லாத்தையும் விட முக்கியமானது ஒண்ணு. கன்டெய்னருக்குள்ள எந்த ஃபைலையும் சேத்து வைக்காதீங்க. நான் பில் பிடிஎஃப் எல்லாத்தையும் ஆப்புக்குள்ளயே ஒரு ஃபோல்டர்ல எழுதுற மாதிரி கோட் போட்டிருந்தேன், சாயங்காலம் பாக்கறப்ப எல்லாம் இருந்துச்சு, மறுநாள் காலைல மாமா ஃபோன் பண்ணி "டேய், நேத்து போட்ட பில்லு ஒண்ணையும் காணோமேடா"ங்கறார். நைட்டு இன்ஸ்டன்ஸ் நின்னிருக்கு, அதோட ஃபைலும் போயிடுச்சு, ஏன்னா அங்க டிஸ்க்குன்னு நாம பாக்கறது உண்மையில மெமரிதான். நல்ல வேளையா பில் கணக்கு டேட்டாபேஸ்ல இருந்ததால பிடிஎஃப் மறுபடி எடுத்துட்டோம். இப்ப ஃபைல் எல்லாம் கிளவுட் ஸ்டோரேஜ் பக்கெட்டுக்குப் போகுது.

காலைல முதல் ஆள் ஆப்பைத் தொறக்கறப்ப சில செகண்ட் லேட்டாகும், கன்டெய்னர் எந்திரிக்கணும்ல. மினிமம் இன்ஸ்டன்ஸ் 1 வச்சா சரியாயிடும், ஆனா சும்மா இருக்கற நேரத்துக்கும் காசு ஏறும், அதனால நான் வைக்கல. புது வெர்ஷன் ஏத்தி ஏதாவது சொதப்புனா பயப்படாதீங்க, ரிவிஷன்ஸ் டேப்ல பழைய ரிவிஷனுக்கே ட்ராஃபிக்கை 100 சதவீதம் திருப்பி விட்டுடலாம், கடையில பில் போடுறது நிக்காது.

கிளவுட் எஸ்க்யூஎல் மட்டும் கடை பூட்டுனாலும் ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதுக்கு 24 மணி நேரமும் காசு. அதனால முதல் நாளே பட்ஜெட் அலர்ட் போட்டு வைங்க, அது மெயில்தான் அனுப்பும், சர்வீஸை நிறுத்தாது, மெயில் வந்தா நீங்கதான் உள்ள போய்ப் பாக்கணும்.