பிரிந்த பிறகு பிள்ளைக்கான பணம்: எங்கே தவறு நடக்கிறது?

"பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை, அதனால் இந்த மாதம் பணம் அனுப்பவில்லை" என்கிறார் அப்பா. "பணம் வரவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை அனுப்ப மாட்டேன்" என்கிறார் அம்மா. பெற்றோர் பிரிந்த வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சட்டம் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்றால் அதற்குத் தனியாக மனு போடலாம். பணத்தை நிறுத்தினால் பாக்கிதான் ஏறும். பள்ளிக்கூடமோ இவர்கள் சண்டை முடியும்வரை ஃபீஸுக்குக் காத்திருக்காது. கணவன் மனைவி வழக்கு வேறு, பிள்ளைக்குச் சேர வேண்டிய பணம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால் வருகிற தவறுகள்தான் அதிகம்.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் இது வேறு விதமாக வரும். எப்படியாவது விட்டால் போதும் என்ற மனநிலையில், "எனக்கும் குழந்தைக்கும் எந்தத் தொகையும் வேண்டாம்" என்று அம்மா கையெழுத்துப் போட்டுவிடுகிறார். தனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த வரி பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அதேபோல, ஒரே தவணையில் செட்டில் செய்துவிட்டோம், இனி பிள்ளைக்காக யாரும் கேட்க முடியாது என்று அப்பா நினைப்பதும் தவறு.

அடுத்தது தாமதம். பெரியவர்கள் பேசுகிறார்கள், பார்ப்போம், பொறுப்போம் என்று ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும். ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போடாமல் பொறுத்திருந்த மாதங்கள் அந்தக் கணக்கில் வராது. பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் இருக்கட்டும். ஜீவனாம்சம் கேட்கும் இந்த மனுவுக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு என்று சொன்னது, 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். 15100-க்கு அழைத்துக் கேட்கலாம்.

மனுவோடு இருதரப்பும் சொத்து, வருமானம், கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் சொல்லும் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். கேஸ் பாதி ஜெயிப்பதும் தோற்பதும் இந்தத் தாள்களில்தான். சம்பளத்தைப் பாதியாகக் காட்டுவது, வாடகை வருமானத்தை மறைப்பது எல்லாம் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தெரிந்துவிடும்; பொய் சொன்னதற்குத் தனி நடவடிக்கையும் வரலாம். கேட்கிற பக்கத்திலோ வேறு குறை. "குழந்தைச் செலவு மாதம் 20,000" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அது எடுபடாது. டெர்ம் ஃபீஸ் எவ்வளவு, வேன் எவ்வளவு, டியூஷன் எவ்வளவு, ஜூனில் நோட்டுக்கும் ஷூவுக்கும் எவ்வளவு, காய்ச்சல் வந்தால் டாக்டருக்கும் மருந்துக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதி, ரசீதையும் வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்க்கப் பலர் மறந்துபோகிறார்கள்.

சம்பளத்தில் 25 சதவீதம் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மனைவிக்கான தொகை பற்றிச் சொன்ன அளவு அது. எல்லோருக்கும் பொருந்தும் சூத்திரம் இல்லை. அம்மா வேலைக்குப் போனால் அப்பாவின் பொறுப்பு தீர்ந்துவிடும் என்பதும் சரியில்லை. வருமானத்துக்கு ஏற்றபடி பங்கு மாறும், அவ்வளவுதான்.

சரி, உத்தரவு வந்துவிட்டது. அப்புறம் நடக்கும் தவறு, ரொக்கமாகக் கொடுப்பது. பிள்ளையிடமே 5,000 கொடுத்தனுப்பிவிட்டு, ஒரு வருடம் கழித்து "கொடுத்தேன்" என்றால் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? மாதாமாதம் ஒரே தேதியில் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ஜிபேயில் அனுப்பினாலும் "ஜூலை மாத ஜீவனாம்சம்" என்று குறிப்புப் போடுங்கள். அப்பா ஸ்கூலில் நேராக 18,000 கட்டிவிட்டு, அதை மாதத் தொகையில் கழித்துக்கொள்வதாலும் நிறைய சண்டை வருகிறது. ஃபீஸ் அந்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்பது உத்தரவிலோ ஒப்பந்தத்திலோ தெளிவாக இருக்க வேண்டும். தீபாவளிக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் அது அன்பளிப்பு, ஜீவனாம்சம் ஆகாது.

பணம் வராமல் நின்றால் பொறுத்துக்கொண்டே இருக்காதீர்கள். தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போடாவிட்டால், அந்தப் பாக்கிக்கு 144-வது பிரிவின் கீழ் வாரண்ட் கிடைக்காது. இது தெரியாமல் மூன்று வருடப் பாக்கியோடு வருகிறவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. மறுபக்கம், சிறைக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைக்கும் அப்பாக்களும் உண்டு. தீராது, பாக்கி அப்படியே நிற்கும். வேலை போய்விட்டால் அனுப்புவதை நிறுத்திவிட்டு ஒளியாமல், தொகையைக் குறைக்கக் கேட்டு மனு போடுவதுதான் வழி. அதே வழியில் கூட்டியும் கேட்கலாம். எல்.கே.ஜி.யில் நிர்ணயித்த தொகை ஒன்பதாம் வகுப்புக்கு எப்படிப் போதும்?

வீட்டுச் செலவிலும் கண் வேண்டும். வீட்டுக்கடன் இருவர் பேரிலும் இருந்தால், "அவர் கட்டுவார்" என்று தம்பதிக்குள் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் இ.எம்.ஐ. விட்டால் இருவருடைய சிபில் மதிப்பெண்ணும் விழும். வாடகை வீடென்றால் அட்வான்ஸ் யாருக்குத் திரும்பும் என்று இப்போதே பேசுங்கள். குடும்ப மருத்துவக் காப்பீட்டில் பிள்ளையின் பெயர் தொடர்கிறதா, செல்வமகள் கணக்கில் வருடக் குறைந்தபட்சம் 250 ரூபாயாவது விழுகிறதா என்று இருவரில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். பல வீடுகளில் அந்த பாஸ்புக் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது.

கடைசியாக, 18 வயது. 144-வது பிரிவின் கீழ் பிள்ளைக்கான தொகை பொதுவாக அதோடு நின்றுவிடும். உடல், மனக் குறைபாட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு விதிவிலக்கு உண்டு. தன் வருமானத்தில் வாழ முடியாத திருமணமாகாத மகள், 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி அதன் பிறகும் கேட்கலாம். ஆனால் பெரிய செலவே பிளஸ் டூ முடிந்துதான் தொடங்குகிறது. பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தாலும், கல்லூரி ஃபீஸிலும் ஹாஸ்டலிலும் யாருக்கு எத்தனை பங்கு என்பதை விவாகரத்து ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.