ஓணானை நாயகனாக்கிப் படப்புத்தகம் செய்வது எப்படி

போன கோடை விடுமுறையில் என் பேரன் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுக்கொண்டு வேலியோரம் ஓணான் பிடிக்கக் கிளம்பினான். ஐந்து வயது. தெருவில் பெரிய பையன்கள் சொல்லிக் கொடுத்த வித்தை. ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அந்தக் கதைக்காகத் தலைமுறை தலைமுறையாக அது கல்லடி வாங்குகிறது. நானும் சிறுவயதில் கேட்ட கதைதான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. அன்று மதியம் நான்கு தாளை மடித்துவைத்துக்கொண்டு ஓணானைப் பற்றி ஒரு படக்கதை வரைய உட்கார்ந்தேன். இப்போது நான்காவது புத்தகம் முடிந்திருக்கிறது. வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு வரிசை செய்ய நினைப்பவர்களுக்கு, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் வரையாதீர்கள், பாருங்கள். ஒரு வாரம் போதும். உங்கள் வாசலில், மாடியில், கிணற்றடியில் தினமும் வருகிற உயிர்கள் எவை, அவற்றுக்கு என்ன பழக்கம் என்று கவனியுங்கள். பாத்திரத்தின் குணம் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வரவேண்டும். சிங்கம் ராஜா, நரி தந்திரக்காரன் என்று நாம் கேட்ட கதையிலிருந்து குணத்தை எடுத்தால், பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து பார்க்க எதுவும் இருக்காது.

ஓணானைப் பாருங்கள். கல்மேல் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டும். ஆண் ஓணான் தன் இடத்தைக் காக்கவும் பெண்ணை அழைக்கவும் அப்படிச் செய்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தொண்டை சிவந்துபோகும். அதைப் பார்த்துத்தான் ரத்தம் குடிக்கிறது என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அது தின்பதோ எறும்பும் வெட்டுக்கிளியும். அந்தத் தலையாட்டலையே குணமாக வைத்தேன்: யார் எதைக் கேட்டாலும் ‘சரி, சரி’ என்று ஒப்புக்கொள்ளும், பிறகு அவ்வளவு வேலையையும் எப்படிச் செய்வது என்று விழிக்கும். பேரன் அதற்கு ‘சரிசரி’ என்றே பெயர் வைத்தான். பெயரைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். நாம் யோசித்து வைக்கும் பெயர் அவர்கள் வாயில் ஒட்டுவதில்லை.

அணில் பூனையைக் கண்டால் வாலை வெட்டி வெட்டி அசைத்துக்கொண்டு விடாமல் கத்தும். ஆகவே எங்கள் அணில் ‘கீச்சு’ காற்றில் துணி அசைந்தாலும் ஊரைக் கூட்டும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டும், எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். அவர்களுக்குத் தனிப் பெயர் கிடையாது, ‘ஏழு பேர்’ அவ்வளவுதான். மழை பெய்தால் மட்டும் வருகிற தேரை, ‘மழைத்தாத்தா’. நான்கு வகைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் வரைகிற நமக்கே கை ஓயும்.

பாத்திரங்களுக்குச் சட்டை போடுவதா வேண்டாமா என்பதை முதல் புத்தகத்திலேயே முடிவு செய்யுங்கள். பீட்டர் என்ற முயலின் கதையை எழுதி வரைந்த ஆங்கிலேயப் பெண்மணி பியாட்ரிக்ஸ் பாட்டர் இதை அழகாகக் கையாண்டிருக்கிறார். காலணிகளைத் தொலைத்த பிறகு அந்த முயல் நாலுகால் பாய்ச்சலில் ஓடும், நீலச் சட்டையும் போனதும் முழு முயலாகிவிடும். அவர் முயல்களை வீட்டில் வளர்த்து, வரைந்து வரைந்து பழகியவர். அந்தக் கதையும் 1893-இல் உடல்நலமில்லாத ஓர் ஐந்து வயதுப் பையனுக்கு எழுதிய கடிதமாகத்தான் தொடங்கியது. 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார், அடுத்த ஆண்டு பதிப்பகம் வெளியிட்டது. ஒரே ஒரு பிள்ளைக்காகச் செய்வது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கடிதம் நினைவுக்கு வரும். என் ஓணானுக்குச் சட்டை போடவில்லை. வேலியில் பார்க்கும்போது பேரனுக்கு அடையாளம் தெரியவேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து, மாதிரித் தாள். ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு பாத்திரத்தையும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், தூங்கும் நிலை என்று வரைந்து சுவரில் ஒட்டுங்கள். யார் யாரைவிட எவ்வளவு பெரியவர் என்பதற்கு எல்லோரையும் ஒரே வரிசையிலும் நிறுத்துங்கள். எந்த நிறப் பென்சில் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். தொடராகச் செய்யும்போது இதுதான் உயிர். இரண்டாவது புத்தகத்தில் ஒரு பக்கத்தில் கீச்சுவின் முதுகில் நான்கு கோடு போட்டுவிட்டேன். “ஆச்சி, இது வேற அணிலா?” என்றான். அழித்து மூன்றாக்கித் தந்த பிறகுதான் அடுத்த பக்கம் புரட்ட விட்டான்.

இனி தாள் கணக்கு. நான்கு ஏ4 தாளைச் சேர்த்துக் குறுக்கே பாதியாக மடித்தால் 16 பக்கம். முதல் பக்கம் தலைப்புக்கு. 2-3, 4-5 என்று 14-15 வரை ஏழு விரிபக்கங்கள், கடைசியாக 16. கதையை இந்த ஏழு விரிப்புக்குள் அடக்குங்கள். வீணான தாளில் ஒரு வெள்ளோட்டப் புத்தகம் மடித்து, அதில் கிறுக்கல் படம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நல்ல தாளைத் தொடவேண்டும்.

பக்கம் புரட்டுவதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம். வலதுபக்கத்தில் கேள்வி, புரட்டினால் இடதுபக்கத்தில் பதில். முதல் புத்தகத்தில் 7-ஆம் பக்கத்தில் கீச்சு கத்துகிறது: “கிணற்றடியில் யாரோ!” புதருக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரியும். புரட்டினால் 8-ஆம் பக்கத்தில் ஏழு பேரும் வாளித் தண்ணீரில் குளிக்கிறார்கள். இதையே எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்திருந்தால் கண் முதலில் பதிலுக்குப் போயிருக்கும். அந்த இடம் வரும்போது பேரன் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவான். நூறு தடவை படித்த பிறகும் அப்படித்தான்.

ஒரு விரிப்புக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லக்கூடாது. ஓணான் மரத்தில் ஏறுவதை வரைந்துவிட்டு ‘ஓணான் மரத்தில் ஏறியது’ என்று எழுதினால் இடம்தான் வீண். அங்கே ‘உச்சிக்கிளை எப்போது வரும்?’ என்று எழுதுங்கள். எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள். எழுத்துக்கான இடத்தை வரையும்போதே காலியாக விடுங்கள், வண்ணத்தின்மேல் எழுதினால் பிள்ளைக்கு எழுத்து பிடிபடாது.

எல்லாப் புத்தகத்திலும் மாறாமல் மூன்று விஷயம் வையுங்கள். எங்களுடையதில் தொடக்கம் எப்போதும் துணி துவைக்கும் கல்மேல் வெயில் விழுவது, நடுவில் ‘சரி, சரி, சரி’, முடிவில் எல்லோரும் வேப்பமரத்தடியில் தூங்குவது. மற்றதெல்லாம் மாறலாம். படிக்கத் தெரியாத பிள்ளை அந்த இடங்களைத் தானே ‘படிக்கும்’.

வண்ணத்துக்கு நிறப் பென்சில் போதும். ஸ்கெட்ச் பேனா மெல்லிய தாளில் ஊறி மறுபக்கத்தைக் கெடுக்கிறது. கொஞ்சம் தடித்த வரைதாள் வாங்குங்கள்.

தைப்பது பத்து நிமிட வேலை. அட்டைக்குச் சார்ட் தாள். மடிப்பின்மேல் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. கெட்டி நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே விடுங்கள், மேல்துளையில் உள்ளே வாருங்கள், உள்பக்கமாகவே இறங்கிக் கீழ்த்துளையில் வெளியேறுங்கள், மறுபடி நடுத்துளையில் உள்ளே. நெடுகப் போகிற நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனையாக வைத்து முடிச்சுப் போடுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், துருப்பிடிக்கும், குழந்தையின் விரலையும் கிழிக்கும்.

16-ஆம் பக்கத்தை மட்டும் காலியாக விடுங்கள். அது பிள்ளையின் பக்கம். நான்காவது புத்தகம், பெண் ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவைக்கிற கதை. அதன் கடைசிப் பக்கத்தில் பேரன் வேலியை வரைந்திருக்கிறான். வேலிக்கு இந்தப்புறம் அவன் கையை விரித்து நிற்கிறான், தூரத்தில் கல்லோடு மூன்று பையன்கள். ஐந்தாவதில் அந்தப் பையன்களும் வரவேண்டும் என்கிறான். மாதிரித் தாளில் அவர்களுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன்.