முதிர்ந்த கோன்யாக்கும் சுருட்டும்: முதல் முறை சேர்த்துச் சுவைப்பவர்களுக்கு

பக்கத்தில் ஏதோ ஒரு பிராந்தி இருந்தால் போதும் என்று சுருட்டைப் பற்றவைத்தால், தோற்பது பிராந்திதான். இளம் பிராந்தியின் பழ வாசனை புகைக்கு முன்னால் நிற்காது. அதனால் பாட்டிலை முதலில் முடிவு செய்யுங்கள், சுருட்டு அப்புறம்.

1. பாட்டில்

பிரான்ஸின் கோன்யாக் வட்டாரத்தில், பெரும்பாலும் யுனி பிளாங்க் திராட்சையின் புளிப்பு ஒயினைச் செம்பு வாலையில் இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் முதிர வைக்கும் பிராந்திதான் கோன்யாக். லேபிளில் வி.எஸ். என்றால் கலவையில் உள்ள மிக இளைய சரக்குக்கே குறைந்தது 2 வயது, வி.எஸ்.ஓ.பி. என்றால் 4, எக்ஸ்.ஓ. என்றால் 10. எக்ஸ்.ஓ.வுக்கு 2018-க்கு முன்பு 6 வருடமே போதுமானதாக இருந்தது. பழைய பாட்டில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும்.

சுருட்டோடு சேர எக்ஸ்.ஓ.வாவது வேண்டும் என்பது என் கட்சி. பல வருடம் பீப்பாயில் கிடந்த கோன்யாக்கில் வால்நட், காளான், பழைய தோல் மாதிரியான ஒரு வாசனை வரும். ரான்சியோ என்பார்கள். புகையிலையோடு கைகோர்ப்பது அதுதான்.

செகோன்சாக் ஊரின் ஃப்ராபேன் குடும்பம் சொந்தத் தோட்டத்துத் திராட்சையை வடித்து, உலர்ந்த கிடங்கு, ஈரக் கிடங்கு இரண்டிலும் முதிர வைக்கிறது. உலர்ந்த கிடங்கில் தண்ணீர் அதிகம் ஆவியாகும், காரம் நிற்கும். ஈரக் கிடங்கில் ஆல்கஹால் குறைந்து, சரக்கு மெத்தென்று ஆகிவிடும். புதியவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் வசதி.

2. கோப்பை

பெரிய பலூன் கோப்பை வேண்டாம், ஆல்கஹால் நெடி மூக்கில் அடிக்கும். துலிப் வடிவக் கோப்பையில் 30 மி.லி. ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். ஐஸ் கூடாது.

3. சுருட்டு

வெளிர் நிற கனெக்டிகட் மேலிலை சுற்றிய மிதமான சுருட்டு போதும். கரிய மேலிலை சுற்றிய மதுரோ சுருட்டும் காரமான நிகரகுவா சுருட்டும் பழகிய பிறகு. வாயில் வைக்கும் தலைப்பகுதியில் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, பியூட்டேன் லைட்டரால் சுற்றிச் சுற்றிப் பற்றவையுங்கள். பெட்ரோல் லைட்டர் வாடை சுருட்டில் ஏறிவிடும். புகையை நுரையீரலுக்குள் இழுக்கக் கூடாது; இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது.

4. வரிசை

முதலில் கோன்யாக்கைத் தனியாக இரண்டு வாய். அப்புறம் ஒரு இழுப்பு, புகையை விட்டு, கொஞ்சம் பொறுத்து ஒரு சிறு வாய். சுருட்டைக் கோப்பைக்குள் தோய்ப்பது சினிமா வேலை, இரண்டும் கெடும். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் போனால் சுருட்டு சூடேறிக் கசக்கும். இடையிடையே சாதாரணத் தண்ணீர் குடியுங்கள்.

கடைசி மூன்றில் ஒரு பங்கில் கசப்பு ஏறினால் சுருட்டை நசுக்காமல் ஆஷ்ட்ரேயில் விட்டுவிடுங்கள், தானே அணையும். கோப்பையில் மிச்சம் இருந்தால் வாய் கொப்பளித்துவிட்டுக் குடிக்கலாம்.