பிரைமரி முடிவைப் பார்க்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

அமெரிக்க பிரைமரி (அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்திலும் நடக்கும் உட்கட்சி வாக்கெடுப்பு) செய்தி வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "அந்த மாநிலத்தில் யார் ஜெயிச்சா?" நம் ஊர்த் தேர்தலில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் தொகுதி முழுசாக அவருக்கே என்று பழகிவிட்டோம். ஆனால் அங்கே வேட்பாளரை முடிவுசெய்வது, கட்சி மாநாட்டுக்குப் போய் ஓட்டுப் போடும் டெலிகேட்டுகளின் (பிரதிநிதிகளின்) எண்ணிக்கை. 2008 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் நெவாடா காக்கஸில் (வாக்குச்சாவடிக்குப் பதில் கட்சிக்காரர்கள் கூடி ஆதரவைக் காட்டும் கூட்டம்) ஹிலாரி கிளின்டன் ஒபாமாவை முந்தினார். அன்றைய டெலிகேட் கணக்கிலோ ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12.

சூட்சுமம் ஒற்றைப்படை, இரட்டைப்படையில் இருக்கிறது. ஜனநாயகக் கட்சியில் பெரும்பாலான டெலிகேட்டுகள் தொகுதிவாரியாக, வாக்கு விகிதப்படி பிரிக்கப்படுகிறார்கள். 4 டெலிகேட் உள்ள தொகுதியில் இருவர் மோதினால், 60-க்கு 40 என்று அடித்து ஜெயித்தாலும் ஆளுக்கு 2தான். மூன்றாவது டெலிகேட் கிடைக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 3 டெலிகேட் உள்ள தொகுதியிலோ ஒரே ஒரு ஓட்டு முன்னால் இருந்தாலும் 2-1. விவரமான பிரசாரக் குழு காசையும் ஆட்களையும் எங்கே இறக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பெரிய மாநிலத்தைப் பிடித்தால் போதும் என்பதும் தப்புக்கணக்குதான். 2008 பிப்ரவரி 5 அன்று நியூஜெர்சியில் பத்து லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள்; டெலிகேட் கணக்கில் ஹிலாரி 59, ஒபாமா 48. அதே நாள் ஐடஹோ காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 21 ஆயிரம் பேர். ஒபாமா 15, ஹிலாரி 3. அங்கே 11 முன்னிலை, இங்கே 12! ஹிலாரி தரப்பு சின்ன காக்கஸ் மாநிலங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

இதே கணக்கை அப்படியே குடியரசுக் கட்சிக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2016-ல் தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம், 50 டெலிகேட்டுகளும் அவருக்கே. எதிரணி ஓட்டு சிதறினால் மூன்றில் ஒரு பங்கு ஆதரவே முழு மாநிலத்தையும் வாங்கித் தந்துவிடும். ஜனநாயகக் கட்சியில் அப்படி மொத்தமாக அள்ள முடியாது. அதே சமயம் 15 சதவீதத்தைத் தொடாதவருக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான்.

ஜனநாயகக் கட்சியின் சூப்பர் டெலிகேட்டுகளை (பிரைமரியில் தேர்வாகாமல், பதவியின் பேரில் மாநாட்டுக்கு வரும் கட்சித் தலைவர்கள்) சேர்த்துப் போடும் பட்டியல்களை நம்ப வேண்டாம். 2018-ல் விதி மாறிவிட்டது: யாருக்கும் பெரும்பான்மை உறுதியாகாத இழுபறி மாநாட்டில், முதல் சுற்றில் அவர்களுக்கு ஓட்டே கிடையாது. 2020-ல் பிரைமரிகள் வழியாக வந்த 3,979 பேரில் 1,991 பேரைப் பிடிப்பதுதான் இலக்காக இருந்தது.

இன்னொன்று, டெலிகேட் என்பவர் ஒரு ஆள். வேட்பாளர் தன் இஷ்டத்துக்குக் கைமாற்றிவிடும் சொத்து அல்ல. 2024 ஜூலை 21 அன்று பைடன் அதிபர் போட்டியிலிருந்து விலகி, கமலா ஹாரிஸை ஆதரித்தார். "பைடனின் டெலிகேட்டுகள் கமலாவுக்குப் போய்விட்டார்கள்" என்று பலர் எழுதினார்கள். பைடன் சொன்னது சிபாரிசு மட்டுமே. அந்த டெலிகேட்டுகள் யாருக்கும் கட்டுப்படாதவர்களாகி, பிறகு தாங்களாகவே கமலா பக்கம் திரண்டார்கள்.