எம்.காம். ப்ராஜெக்ட்: தலைப்புக்கு முன் தரவைத் தேடுங்கள்

எம்.காம். இறுதிப் பருவத்தில் ப்ராஜெக்ட் தலைப்பைக் கேட்டவுடன், ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரோடு 'நிதிநிலைப் பகுப்பாய்வு' என்று சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு தரவைத் தேடி அலையும் மாணவர்கள் பலர். முதலில் எந்தக் கணக்குகள் கைக்குக் கிடைக்கும் என்பதை உறுதிசெய்துகொண்டு, அவற்றைக் கொண்டு விடை காணத்தக்க கேள்வி ஒன்றைக் கண்டுபிடித்த பின்னரே தலைப்பை எழுத வேண்டும்.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றிலிருந்து ஐந்தாண்டு விகிதங்களைக் கணக்கிட்டு அடுக்குவது மட்டும் ஆய்வாகிவிடாது. கணக்கியல் விதி ஒன்று மாறிய ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி எளிதில் அமையும்.

எடுத்துக்காட்டாக, 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, குத்தகைகளுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இந்த் ஏ.எஸ். (Ind AS) 116-ஐக் கொள்ளலாம். அதுவரை வாடகைச் செலவாக மட்டும் காட்டப்பட்டுவந்த பெரும்பாலான குத்தகைகள், இதன்படி சொத்தாகவும் கடப்பாடாகவும் இருப்புநிலைக் குறிப்பில் இடம்பெற்றன. வாடகை இருந்த இடத்துக்குத் தேய்மானமும் வட்டியும் வந்தன. விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கும் நிறுவனங்களிலும், வாடகைக் கட்டடங்களில் கடை நடத்தும் நிறுவனங்களிலும் கடன்-பங்கு விகிதம் (கடனுக்கும் பங்குதாரர் நிதிக்கும் உள்ள விகிதம்) இதனால் எவ்வளவு மாறியது என்பது ஆராயத்தக்க கேள்வி. முந்தைய ஆண்டின் எண்களைத் திருத்தாமலேயே இவ்விதிக்கு மாற அனுமதி இருந்ததாலும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததாலும், மாற்றத்தின் விளைவைத் தனியே காட்டும் கணக்குக் குறிப்பைப் படிக்காமல் ஈராண்டு விகிதங்களை ஒப்பிடக் கூடாது. வாய்மொழித் தேர்வில் கேள்வி வரக்கூடிய இடமும் இதுதான்.

ஆடிட்டர் அலுவலகத் தொடர்பு உள்ளவர்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவை எடுக்கலாம். குறு, சிறு உற்பத்தியாளர்களுக்குரிய தொகையை, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையேல் 15 நாட்களுக்குள்ளும் தராதவர், அதை உண்மையில் தந்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்னும் இவ்விதி 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து செயல்பட்டது. திருப்பூர் போன்ற ஊரில் இது உயிருள்ள ஆய்வுப் பொருள்தான். எனினும் வாடிக்கையாளர் கணக்குகளைப் பயன்படுத்த எழுத்துபூர்வ அனுமதி கிடைக்காவிட்டால் தயங்காமல் கைவிடுங்கள்.

நண்பர்களுக்குக் கூகுள் படிவம் அனுப்பித் திரட்டும் கருத்துக் கணிப்பை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் நாடலாம்.

கேள்வி, தரவின் மூலம், ஆண்டுகள், பயன்படுத்தும் கணக்கீடு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு நிறுவனத்தின் எண்களை மட்டும் முன்னோட்டமாகக் கணக்கிட்டு, அந்தத் தாளோடு நெறியாளரைச் சந்தியுங்கள்.